தீபாவளி லீவுக்கு அந்தமான் பீச் ரிசார்ட் போகலாமா? உடுமலையிலிருந்து கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

தீபாவளிக்கு பனியன் கம்பெனிகளும் மில்களும் ஒரு வாரம், பத்து நாள் என லீவு விட்டதும் உடுமலைப்பேட்டையில் முதலில் எழும் கேள்வி, "இந்த வருஷம் எங்கே போறது?" திருமூர்த்தி மலை, அமராவதி அணை, மூணாறு, வால்பாறை எல்லாம் பார்த்தாச்சு என்பவர்களின் பேச்சில் சமீப காலமாக அதிகம் அடிபடும் பெயர் அந்தமான். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், டாலர் மாற்ற வேண்டாம். வெள்ளை மணல், நீலக் கடல், கடலோரத்தில் சொகுசு வில்லா. இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் பார்க்கும்போது மாலத்தீவுக்குக் கொஞ்சமும் குறைந்ததாகத் தெரியாது.

ஆனால், ஒரு குடும்பம் வருஷம் முழுக்கச் சேர்த்த பணமோ, சீட்டு எடுத்த பணமோ இதில் போகிறது. எந்த மாதத்தில் போகிறோம், எந்தக் கடற்கரையில் தங்குகிறோம், திரும்பி வரும் நாளை எப்படி வைக்கிறோம் என்ற மூன்று விஷயங்களில் ஒன்று தவறினாலும் பணமும் போய், லீவும் போய்விடும். விரிவாகப் பார்ப்போம்.

அந்தமான் என்றால் எந்தத் தீவு?

விமானம் இறங்கும் இடம் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் மத்திய அரசு இதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியது. சோழர்களின் கடற்படையோடு இந்தத் தீவுகளுக்கு இருந்த தொடர்பை அப்போது அரசு சுட்டிக்காட்டியது.

ஆனால், போட்டோவில் நாம் பார்க்கும் கடற்கரை ரிசார்ட்டுகள் பெரும்பாலும் இங்கே இல்லை. அவை இருப்பது ஹேவ்லாக் தீவில். 1857 எழுச்சியை ஒடுக்கிய பிரிட்டிஷ் தளபதி ஹென்றி ஹேவ்லாக்கின் பெயரைத் தாங்கியிருந்த இந்தத் தீவு, 2018 டிசம்பர் 30-ம் தேதி முதல் சுவராஜ் தீவு என்று அழைக்கப்படுகிறது. பக்கத்தில் இருக்கும் நீல் தீவு, ஷஹீத் தீவு ஆனது. டிக்கெட்டிலும் பேக்கேஜிலும் பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் கலந்து வரும். குழம்ப வேண்டாம்.

ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சுவராஜ் தீவுக்குக் கப்பலில்தான் போக வேண்டும். தனியார் வேகக் கப்பலில் சுமார் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். அரசுக் கப்பலில் கட்டணம் குறைவு, நேரம் அதிகம். தீவு மக்களுக்கு அதில் முன்னுரிமை என்பதால் சீசனில் சீட் கிடைப்பது கஷ்டம்.

உடுமலையிலிருந்து எப்படிப் போவது?

இரண்டு வழி உண்டு.

முதல் வழி, கோவை விமான நிலையம். உடுமலையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து பெரும்பாலும் சென்னை அல்லது பெங்களூரு வழியாக விமானம் மாறிப் போக வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி, ரயில். பொள்ளாச்சி, உடுமலை, பழனி, திண்டுக்கல் வழியாகச் செல்லும் பாலக்காடு - சென்னை எக்ஸ்பிரஸில் இரவு தூங்கினால் காலையில் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவிலேயே விமான நிலையம் போய்விடலாம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டே கால் மணி நேரம்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: ரயில் தாமதமானால் விமானம் காத்திருக்காது. அதனால் காலை விமானத்தை விட்டுவிட்டு, மதியத்தை ஒட்டிய விமானமாகப் பார்த்துப் போடுங்க.

சென்னையிலிருந்து பயணிகள் கப்பலும் இருக்கிறது. ஆனால், போகவே ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். ஒரு வார லீவில் இது சரிப்படாது.

மூணு லீவு, மூணு விதமான கடல்

திருப்பூர் வட்டாரத்தில் குடும்பத்தோடு சேர்ந்து கிடைக்கும் நீண்ட லீவு மூன்றுதான்: தீபாவளி, பொங்கல், பள்ளிக்கூடக் கோடை விடுமுறை. இந்த மூன்று சமயத்திலும் அந்தமான் கடல் ஒரே மாதிரி இருக்காது.

தீபாவளி (அக்டோபர் - நவம்பர்): வங்கக் கடலில் புயல் உருவாகும் காலம் இது. 2014-ல் ஹுட்ஹுட் புயல் அக்டோபர் 8-ம் தேதி அந்தமானைக் கடந்த பிறகுதான் விசாகப்பட்டினத்தைத் தாக்கியது. 2013-ல் லெஹர் புயல் நவம்பர் கடைசி வாரத்தில் அந்தமானைக் கடந்தது. எல்லா வருஷமும் புயல் வரும் என்றில்லை. பல தீபாவளிகளில் வானம் தெளிவாகவே இருக்கும். ஆனால், அபாயம் அதிகமுள்ள மாதங்கள் இவை என்பதை மறக்கக் கூடாது.

பொங்கல் (ஜனவரி): கடல் அமைதியாகவும், வானம் தெளிவாகவும் இருக்கும் காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் அந்தமானுக்கு மிகச் சிறந்த நேரம். ஆனால், இதுதான் உச்ச சீசனும்கூட. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் வாடகை எகிறும். பொங்கலுக்குள் கொஞ்சம் இறங்கினாலும், சீக்கிரமே புக் செய்யாவிட்டால் நல்ல அறை கிடைக்காது.

கோடை விடுமுறை (ஏப்ரல் - மே): ஏப்ரல் கடைசி வரை நல்ல நேரம். வெயில் இருக்கும், கடலும் தெளிவாக இருக்கும். கேரளாவுக்கு ஜூன் 1-ம் தேதி வாக்கில் வரும் தென்மேற்குப் பருவமழை, அந்தமானுக்கு மே மூன்றாம் வாரத்திலேயே வந்துவிடும். அதனால் மே முதல் வாரத்தோடு முடித்துக்கொள்வது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால், தீபாவளிக்கு லீவு நீளம், கடல் நம்பிக்கையில்லை. பொங்கலுக்குக் கடல் நல்லாயிருக்கும், லீவு சின்னது. பரீட்சை முடிந்த ஏப்ரல்தான் இரண்டும் ஒத்துவரும் காலம்.

கப்பல் நின்றால் என்ன ஆகும்?

2016 டிசம்பர் முதல் வாரத்தில் அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தத்தால் கப்பல்கள் நிறுத்தப்பட்டன. ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல்படையும் கப்பல் அனுப்பி அவர்களை மீட்டு வந்தன. அதே காற்றழுத்தம்தான் சில நாளில் வர்தா புயலாக மாறி, டிசம்பர் 12-ம் தேதி சென்னையைப் புரட்டிப் போட்டது.

புயலே வராவிட்டாலும், காற்று பலமாக அடித்தால் துறைமுக அதிகாரிகள் ஒரு நாள், இரண்டு நாள் கப்பலை நிறுத்திவிடுவார்கள். அப்போது நடப்பது இதுதான்: கப்பல் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால், தவறவிட்ட விமான டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது, ஏனென்றால் விமானம் ரத்தாகவில்லை, நீங்கதான் போய்ச் சேரவில்லை. தீவில் கூடுதலாகத் தங்கும் இரவுகளுக்கும் கைக்காசுதான்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை எப்போதும் ஸ்ரீ விஜயபுரத்தில் வையுங்க. "காலையில் ஹேவ்லாக்கில் கிளம்பி மதியம் ஃபிளைட் பிடிச்சிடலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். பார்க்க வேண்டிய செல்லுலார் ஜெயில் போன்ற இடங்களை அந்தக் கடைசி நாளுக்கு ஒதுக்கினால், நாளும் வீணாகாது.

கடற்கரையைப் பார்த்து ஹோட்டலைத் தேர்ந்தெடுங்க

சுவராஜ் தீவில் எல்லா "பீச் ரிசார்ட்டும்" ஒன்றல்ல. தீவின் மேற்குப் பக்கம் இருப்பது ராதாநகர் கடற்கரை. உள்ளூரில் இதை 7-ம் நம்பர் பீச் என்பார்கள். 2004-ல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று குறிப்பிட்டது இதைத்தான். 2020-ல் நீலக்கொடிச் சான்றும் பெற்றது. அகலமான மணல், குளிக்க ஏற்ற கடல், கடலில் இறங்கும் சூரியன். 2018-ல் திறக்கப்பட்ட தாஜ் எக்ஸோட்டிகா, அதற்கும் முன்பிருந்தே இயங்கும் பேர்ஃபுட் ஆகிய ரிசார்ட்டுகள் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. காட்டுக்குள் மர வில்லாக்கள், இரண்டு நிமிஷ நடையில் கடல் என்ற அனுபவத்துக்குத்தான் இங்கே பணம்.

கிழக்குப் பக்கம் இருப்பவை 3-ம் நம்பர், 5-ம் நம்பர் கடற்கரைகள். நடுத்தர, உயர்தர ரிசார்ட்டுகள் நிறைய இருப்பது இங்கேதான். சூரிய உதயம் அழகு. ஆனால், நீர் வற்றும் நேரத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கி, பாறையும் பவளக் கற்களும் வெளியே தெரியும். அப்போது குளிக்க முடியாது. விளம்பரப் படங்கள் எல்லாம் நீர் ஏறிய நேரத்தில் எடுத்தவை. எனவே ஹோட்டலிடம் போனில் கேட்க வேண்டிய கேள்வி, "ரூம்ல இருந்து கடல் தெரியுமா?" என்பது மட்டுமல்ல. "நாள் முழுக்கக் குளிக்கலாமா, நீர் வற்றினா எப்படி இருக்கும்?" என்பதும்தான்.

இன்னொரு முக்கியமான விஷயம். ராதாநகர் கடற்கரை எந்த ஹோட்டலுக்கும் சொந்தமானதல்ல. யார் வேண்டுமானாலும் போகலாம். கிழக்குப் பக்கம் ஏழாயிரம் ரூபாய் அறையில் தங்கியவரும், மேற்குப் பக்கம் பல மடங்கு கொடுத்து வில்லாவில் தங்கியவரும் மாலையில் நிற்பது ஒரே மணலில்தான். ஸ்கூட்டி வாடகைக்கு எடுத்தால் தீவின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் அரை மணி நேரத்தில் போய்விடலாம்.

அதனால் பலருக்கும் ஒத்துவரும் ஒரு யோசனை: தீவில் மூன்று இரவு என்றால், இரண்டு இரவு நடுத்தர ரிசார்ட், ஒரே ஒரு இரவு சொகுசு வில்லா. ஆசையும் தீரும், கடனும் ஏறாது.

7,500 ரூபாய் என்ற கோடு

ஹோட்டல் வாடகையில் பலரும் கவனிக்காமல் விடுவது ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு அறைக்கு, ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை 5% வரி. அதற்கு மேல் போனால் மொத்தத் தொகைக்கும் 18%.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

- வாடகை 7,500 ரூபாய் என்றால் வரி 375. மொத்தம் 7,875 ரூபாய்.
- வாடகை 7,600 ரூபாய் என்றால் வரி 1,368. மொத்தம் 8,968 ரூபாய்.
- சொகுசு வில்லாவுக்கு நாள் வாடகை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரி மட்டும் 7,200. மூன்று இரவுக்கு 1,41,600 ரூபாய்.

அதாவது, வாடகையில் நூறு ரூபாய் கூடினால் பில்லில் 1,093 ரூபாய் கூடுகிறது. கூடுதல் கட்டில் போட்டால் அதன் கட்டணமும் அறை வாடகையோடு சேர்ந்துதான் கணக்கிடப்படும். 7,000 ரூபாய் அறையில் குழந்தைக்கு ஒரு கட்டில் கேட்டு கோட்டைத் தாண்டிவிட்டால், முழுத் தொகைக்கும் 18% ஆகிவிடும். இந்த மாதிரிப் பெரிய ஹோட்டல்களின் உணவகத்திலும் பெரும்பாலும் 18% வரிதான். வெளியே சாப்பிட்டால் 5%.

"கம்பெனி பேர்ல பில் போட்டா ஜிஎஸ்டி திரும்ப வருமா?"

தொழில் செய்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. பதில்: வராது. ஹோட்டல் சேவைக்கு, ஹோட்டல் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த இடத்து வரிதான் போடுவார்கள். அந்தமான் ஹோட்டல் போடுவது மத்திய ஜிஎஸ்டியும் யூனியன் பிரதேச ஜிஎஸ்டியும். தமிழ்நாட்டுப் பதிவு எண்ணில் அதை உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. தவிர, குடும்பத்தோடு போகும் சொந்தச் செலவுக்கு உள்ளீட்டு வரிச் சலுகையே கிடையாது. ஆனால், ஒரு லாபம் உண்டு: வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்குப் பிடிக்கப்படும் டிசிஎஸ் அந்தமானுக்கு இல்லை.

பக்கத்தில் என்னென்ன பார்க்கலாம்?

செல்லுலார் ஜெயில்: 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடிக்கப்பட்டது. சக்கரத்தின் ஆரங்கள் போல இருந்த ஏழு கட்டடங்களில் இப்போது மிச்சமிருப்பவை மூன்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாதபடி, ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்ததன் முதுகைப் பார்க்கும் விதத்தில் அமைந்திருக்கும். மாலையில் ஒலி - ஒளிக் காட்சி உண்டு. பிள்ளைகளை அவசியம் கூட்டிட்டுப் போங்க.

ராஸ் தீவு: இப்போது நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவு. பிரிட்டிஷாரின் தலைமையிடமாக இருந்த இடம். மரத்தின் வேர்கள் விழுங்கிய கட்டடங்கள், நடுவே திரியும் மான்கள், மயில்கள்.

எலிஃபன்ட் பீச்: சுவராஜ் தீவில் ஸ்நார்க்கெலிங் செய்ய ஏற்ற இடம். படகில் போகலாம், காட்டு வழியாக நடந்தும் போகலாம்.

ஷஹீத் தீவு: இயற்கையாக உருவான பாறைப் பாலம் இங்கே பிரபலம். கடல் வற்றிய நேரத்தில்தான் பக்கத்தில் போய்ப் பார்க்க முடியும்.

முருகன் கோயில்: பழனிக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இது ஒரு கூடுதல் மகிழ்ச்சி. ஸ்ரீ விஜயபுரத்தில் வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. தலைமுறைகளாக இங்கே வாழும் தமிழர்கள் ஏராளம். கடைத்தெருவில் தமிழ் பேசியே சமாளிக்கலாம்.

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குத் தரை வழியாகப் போனால், ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டைக் கடந்துதான் போக வேண்டும். வண்டியை நிறுத்துவது, அவர்களைப் படமெடுப்பது, தின்பண்டம் வீசுவது எல்லாம் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். "ஜாரவா காட்டறோம்" என்று யாராவது ஆசை காட்டினால், அந்த ஆளை விட்டு விலகிடுங்க.

கடலில் இறங்கும் முன்

அமராவதி முதலைப் பண்ணையைப் பார்த்தவர்களுக்கு முதலை புதிதல்ல. அங்கே இருப்பவை நன்னீர் முதலைகள். அந்தமானில் இருப்பவை உவர்நீர் முதலைகள், உருவத்தில் பெரியவை, கடலிலும் நீந்தும். 2010-ல் ஹேவ்லாக்கில் ஒரு வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி முதலை தாக்கி உயிரிழந்தார். இது அரிதான சம்பவம்தான். ஆனால், எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும், ஓடை கடலில் கலக்கும் இடத்திலும் இறங்கவே கூடாது. உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியில் மட்டும் குளியுங்க.

ஸ்கூபா டைவிங்குக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பயிற்றுநர் கூடவே வருவார். ஆனால், ஆஸ்துமா, வீசிங், இதயப் பிரச்சினை, உயர் ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. பஞ்சுத் தூசியில் வேலை பார்த்து மூச்சுத் தொந்தரவு இருப்பவர்கள், படிவத்தில் அதை மறைக்கவே வேண்டாம். ஸ்கூபா முடித்துக் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவை ஸ்ரீ விஜயபுரத்தில் வைக்க இது இன்னொரு காரணம்.

கரையில் கிடக்கும் பவளத்தையும் சங்கையும் எடுத்து வராதீங்க. விமான நிலையச் சோதனையில் பிடிபட்டால் வழக்குதான். அப்புறம், டிசம்பரில் அங்கே மாலை 5 மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். உடுமலைக் கணக்கில் "நாலு மணிக்குக் கிளம்பலாம்" என்றால் இருட்டில்தான் போய்ச் சேருவீங்க.

முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

- ஹோட்டல் பெயர், அறை வகை, எந்தக் கடற்கரை என்பது எழுத்தில் இருக்கிறதா? "அல்லது அதற்கு இணையான ஹோட்டல்" என்று போட்டிருந்தால் ஒத்துக்க வேண்டாம்.
- சொன்ன விலையில் வரி சேர்த்தியா, தனியா?
- காலை உணவு மட்டுமா, இரவு உணவும் உண்டா?
- கப்பலின் பெயர், வகுப்பு, நேரம் என்ன?
- மோசமான வானிலையால் கப்பல் நின்றால் ஹோட்டல் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா?
- பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகிறதா, தனிநபரின் கணக்குக்கா?

பணம் கட்டியதும் ஹோட்டலின் அதிகாரப்பூர்வ எண்ணுக்கு நீங்களே போன் செய்து, உங்க பெயரில் அறை பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்க. ஏமாற்றப்பட்டது தெரிந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்கணும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு.

அப்போ, தீபாவளிக்குப் போகலாமா, வேண்டாமா?

போகலாம், மூன்று நிபந்தனைகளோடு. தேதி மாற்ற முடிகிற டிக்கெட்டும் ஹோட்டலும் இருக்கணும். லீவு முடியும் நாளுக்கும் ஊர் திரும்பும் நாளுக்கும் நடுவில் இரண்டு நாள் கையிருப்பு இருக்கணும். கிளம்பும் வாரத்தில் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைத் தினமும் பார்க்கணும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும், தீபாவளியை ஊரில் கொண்டாடிவிட்டு ஏப்ரலுக்கு டிக்கெட் போடுவதுதான் நல்லது.